பெயரை நம்பி வயலை விற்கலாமா?

ஹார்வர்டு என்ற பெயர் பூதப்பாண்டிக்கு வந்து சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பூதலிங்கசாமி கோயில் நடையில் யாரைக் கேட்டாலும் தெரியும். ஸ்டான்ஃபோர்டும் தெரியும், சுந்தர் பிச்சை படித்த இடம். எம்.ஐ.டி. என்றால் மட்டும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சென்னைக் குரோம்பேட்டைதான். அப்துல் கலாமும், நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளையிலிருந்து இஸ்ரோ தலைவர் பதவி வரை போன கே.சிவனும் படித்தது அங்கேதானே! இப்படித் தெரிந்த நாலைந்து பெயர்களைத் தாண்டி ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சொன்னால், ‘அது கொள்ளாமா டே?’ என்ற கேள்விதான் பதிலாக வருகிறது.

கேள்வியில் தவறே இல்லை. பட்டம் தரும் கல்வி நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ நான்காயிரம். 2024-25 கல்வியாண்டில் அங்கே இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். வேறெந்த நாட்டிலிருந்தும் இத்தனை பேர் போகவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் படிப்பது நமக்குத் தெரிந்த அந்த நாலைந்து இடங்களில் அல்ல. பெற்றோர் கேள்விப்பட்டே இராத இடங்களில்தான் நம் பிள்ளைகளின் எதிர்காலம் இருக்கிறது. அந்த இடங்களை எதை வைத்து எடை போடுகிறோம் என்பதுதான் இன்று நாஞ்சில் நாட்டு வீடுகள் யோசிக்க வேண்டிய விஷயம்.

குழப்பும் பெயர்கள்

வாஷிங்டன் பல்கலைக்கழகம் என்று கடிதம் வந்தால், அது சியாட்டிலில் உள்ள அரசுப் பல்கலைக்கழகமாக இருக்கலாம். மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில் உள்ள தனியார் பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம். தலைநகரில் இருப்பது ஜார்ஜ் வாஷிங்டன் பெயரில் வேறொன்று. மயாமி பல்கலைக்கழகம் இருப்பது ஓஹையோவில், 1809-லேயே தொடங்கப்பட்டது. ஃபுளோரிடாவின் மயாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வேறு, கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் வேறு. டெக்சாஸ் என்றால் ஆஸ்டினா, ஆர்லிங்டனா, டாலஸா என்று கேட்டாக வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் ஊர் பெயரையும் சேர்த்துப் படிக்காவிட்டால், யாரோ சொன்ன புகழை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவோம்.

பெயர் தெரியாததாலேயே ஓர் இடம் மட்டமாகிவிடாது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றது ஓஹையோ பல்கலைக்கழகத்தில். புகழ்பெற்ற ஓஹையோ ஸ்டேட் அல்ல, ஏதென்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் ஓஹையோ. அதன்பின் சான் டியாகோவில் உயிரியலை முதலிலிருந்து படித்தார். 2009-ல் வேதியியல் நோபல் பரிசு வந்தது. அவர் விண்ணப்பித்த காலத்தில் நம் ஊர்க்காரர்களிடம் கேட்டிருந்தால் ஓஹையோவுக்கு யாரும் தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

பூதப்பாண்டிக்கே நெருக்கமான சான்று ஒன்று உண்டு. இந்த ஊரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாடியது புறநானூற்றின் 71-ஆம் பாட்டு. அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது 246-ஆம் பாட்டு. இரண்டையும் உள்ளடக்கிய புறநானூற்று ஆங்கில மொழிபெயர்ப்பை, ஹாங்க் ஹைஃபெட்ஸோடு சேர்ந்து 1999-ல் வெளியிட்டவர் பெர்க்லி பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டியபோது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. தமிழக அரசும் 10 கோடி ரூபாய் தந்தது. 2018-ல் இலக்கு எட்டப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் பெர்க்லியில் தமிழ் இருக்கை 1990-களிலேயே வந்துவிட்டது. சிகாகோவில் ஏ.கே.ராமானுஜன் 1960-களின் தொடக்கத்திலிருந்து 1993-ல் மறையும் வரை இருந்து சங்கக் கவிதையை உலகத்துக்குக் கொண்டுபோனார். நம் மன்னனின் பாட்டை அமெரிக்க வாசகர் கையில் கொடுத்த இடம் பெர்க்லி. அந்தப் பெயர் நமக்கு ஹார்வர்டு அளவுக்கு வந்து சேரவில்லை. வேலை செய்யும் இடமும் புகழ் போய்ச் சேரும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தரவரிசை இருக்கிறதே என்பார்கள். உலகமே புரட்டிப் பார்க்கும் ஒரு பட்டியலில், 2024 பதிப்பிலிருந்து கல்வியாளர்களின் அபிப்பிராயத்துக்கு 30 விழுக்காடு, வேலை தருவோரின் அபிப்பிராயத்துக்கு 15 விழுக்காடு. ஏறக்குறைய பாதி மதிப்பெண், பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதற்குத்தான். நம் பிள்ளை சேரப்போகும் துறையில் எந்த ஆசிரியர் பாடம் எடுக்கிறார், ஆய்வகம் எப்படி, படித்து முடித்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்பதை முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துக் கொடுத்த ஒற்றை எண் சொல்லாது.

வயல் என்ன ஆகிறது?

இதெல்லாம் தகவல் குறை என்று விட்டுவிடலாம். விட முடியாதது, இந்தப் பெயர் மயக்கத்துக்கு வயல் விலையாகப் போவது.

கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். இரண்டு வருட எம்.எஸ். படிப்புக்குச் செலவு ஐம்பது லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். விவசாய நிலத்தை வங்கிகள் ஜாமீனாக எளிதில் ஏற்பதில்லை. வங்கிகள் கடன் வசூலுக்குப் பயன்படுத்தும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் அதை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது என்பது முக்கியமான காரணம். ஆகவே வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. போதாததற்கு வயல் விலைக்குப் போகிறது. பழையாற்றுத் தண்ணீரில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் என இரண்டு போகம் விளைந்த நஞ்சை, வாங்கியவர் கையில் மண்ணடித்து வீட்டுமனையாகிறது. ஆகஸ்ட் கடைசியில் அங்கே வகுப்பு தொடங்கும். இங்கே கன்னிப்பூ அறுவடைக்கு நெருங்கும். மண்ணடித்த வயலில் மறுபடி நாற்று நட முடியாது.

விற்ற பணமும் அதே மதிப்பில் நிற்பதில்லை. 2014-ல் 60 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2025 இறுதியில் 90 ரூபாயைத் தொட்டது. படிப்பு முடிந்தபின் அங்கே வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 இடங்கள்தான். குலுக்கலில் விழ வேண்டும். புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவிலேயே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. அடுத்த வருடம் என்ன விதி என்று உறுதி சொல்ல யாருமில்லை. இந்த நிச்சயமின்மையில் ஒரு குடும்பம் கையில் கடைசியாக வைத்திருக்க வேண்டியது நிலம். அதையே முதலில் கைவிடுகிறோம்.

பெயரும் சரியில்லாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். 2011-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகம் விசா மோசடிக்காக மூடப்பட்டபோது, அங்கே சேர்ந்திருந்த இந்திய மாணவர்கள் சிலரின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். மிச்சிகனில் அதிகாரிகளே பொறியாக நடத்திய போலிப் பல்கலைக்கழகம் 2019-ல் அம்பலமானது. அதில் சிக்கியவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள்.

பெரிய பெயர் கொண்ட இடத்தில் படித்தால் தொடர்புகள் கிடைக்கும் என்பவர்கள் உண்டு. வங்கிகளின் சிறப்புப் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகமானால் பெரிய கடனும் ஜாமீன் இல்லாமல் கிடைக்கும் என்பதும் உண்மையே. அப்படி இடம் கிடைத்தவர்கள் தாராளமாகப் போகட்டும்; அவர்கள் வீட்டு வயல் தப்பிக்கும்.

மற்றவர்கள் பத்திரம் எழுதுவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். சேரும் துறையில் கடைசி இரண்டு வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள்? இதே பட்டத்தை உதவித்தொகையுடனோ குறைந்த கட்டணத்திலோ தரும் அரசுப் பல்கலைக்கழகம் எது? அமெரிக்காவில் வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், இந்தியச் சம்பளத்தில் மாதத் தவணை கட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், கடிதத்தில் எவ்வளவு பெரிய பெயர் அச்சாகியிருந்தாலும் வயலை விற்கக் கூடாது. பிள்ளை ஒரு வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும். மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளும் தங்கள் பழைய மாணவர்கள் எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள், எவ்வளவு கடன் வாங்கினார்கள், என்ன ஆனார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பூதப்பாண்டி வீடுகளுக்கு இன்று எந்தத் தரவரிசையைவிடவும் தேவையான பட்டியல் அதுதான்.