குப்புற விழுந்தாச்சா?

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனால் போதும், வீட்டுக்கு வருகிறவர்களும் போனில் பேசுகிறவர்களும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். தலை நின்னுடுச்சா? குப்புற விழுந்தாச்சா? தவழுதா? எல்லாம் அன்போடு கேட்பவைதான். ஆனால் கூடவே, "எங்க பேரன் ஏழு மாசத்துலயே தவழ்ந்துட்டான்" என்று ஒரு வார்த்தை வந்து விழும்போது பெற்றவளின் முகம் வாடிவிடுகிறது.

அந்தத் தாய்க்குக் காட்ட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்த குழந்தைகளை மாதந்தோறும் பார்த்துப் பதிவு செய்து, 2006-ல் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்கார்வதற்கு அது தரும் காலம் 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. யாரும் பிடிக்காமல் நடப்பதற்கு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. ஒன்பதாம் மாதத்தில் நடக்கும் குழந்தையும் பதினேழாம் மாதத்தில் நடக்கும் குழந்தையும் அந்தக் கணக்கில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். நூற்றில் நான்கு குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்லை. ஆனாலும் நடந்தார்கள்.

மாதக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இப்போது இந்தக் குழந்தை எதைச் செய்து பார்க்கிறது என்று கவனிக்கச் சொல்வேன். முதல் ஆண்டின் அதிசயம் அங்கேதான் இருக்கிறது.

பிறந்த சில நாளே ஆன குழந்தையை அக்குளில் தாங்கிப் பிடித்து, பாதம் படுக்கையில் படும்படி நிறுத்தினால், நடப்பதுபோலக் கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். இரண்டாம் மாதவாக்கில் இது நின்றுபோகும். மூளை வளர வளர இந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்றுதான் மருத்துவ நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு அதில் ஒரு சந்தேகம். மல்லாக்கப் படுத்திருக்கும்போது அதே குழந்தை அதே மாதிரிதான் காலை உதைக்கிறது. மூளை அடக்கியிருந்தால் அதுவும் நின்றிருக்க வேண்டுமே? அவர் குழந்தையின் தொடையைப் பார்த்தார். முதல் இரண்டு மாதங்களில் கால்களில் கொழுப்பு மளமளவென்று கூடுகிறது, தசைக்கு அந்த அளவு வலு வருவதில்லை. நிறுத்திப் பிடித்தால் கனத்த காலைத் தூக்க முடியாமல் போகிறது. இதைச் சோதிக்க, குழந்தைகளின் கால்கள் தண்ணீருக்குள் இருக்கும்படி ஒரு தொட்டியில் பிடித்துக்கொண்டார்கள். நீர் எடையைத் தாங்கியது, கால்கள் மறுபடி நன்றாக நடை போட்டன. காலில் சிறு எடையைக் கட்டியபோது நடை குறைந்தது. 1984-ல் வெளிவந்த இந்த ஆய்வு, குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது. மூளை உத்தரவிட, உடல் அப்படியே கேட்கிறது என்பதற்கு மேல் ஏதோ நடக்கிறது. எடை, தசை, தரை, குழந்தையின் ஆசை எல்லாம் சேர்ந்துதான் ஓர் அசைவு பிறக்கிறது.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறந்த சில நாட்களில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஐந்தாம் மாதவாக்கில் பிறந்த எடைபோல் இரண்டு மடங்கு, ஓராண்டில் மூன்று மடங்கு. சுமார் 50 சென்டிமீட்டர் நீளம் 75 ஆகிறது. மூளையும் இந்த ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதற்கு இடம் தரத்தான் மண்டை ஓட்டு எலும்புகள் சேராமல் இருக்கின்றன; உச்சிக்குழி மெல்லத் துடிப்பது தெரிவதும் அதனால்தான்.

உடம்பு வசப்படுவது மேலிருந்து கீழாக. முதலில் கழுத்து, பிறகு முதுகு, இடுப்பு, கடைசியில் கால். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்துக்கு வைத்தார்கள். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் கோலம் அது. கைகளைக் கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்துக்கு. இன்றைய குழந்தை மருத்துவரின் அட்டவணையிலும் இவை ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கின்றன. வீட்டில் குழந்தையை இமைக்காமல் பார்த்தவர்கள் சொல்லித்தான் அந்த இலக்கணம் உருவாகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கையைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றும். அது தானாக நடப்பது, விடத் தெரியாது. நான்காம் மாதவாக்கில் கண்ணால் பார்த்ததை நோக்கிக் கை நீளும். ஆறாம் மாதத்தில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பார்க்கப் பார்க்கச் சலிக்காத கட்டம் வருகிறது. தரையில் ஒரு பொரி கிடக்கிறது. ஏழு மாதக் குழந்தை உள்ளங்கையைக் கவிழ்த்து, நான்கு விரலாலும் வாரி இழுக்கும். பொரி வழுக்கி ஓடும். மறுபடி வாரும். கைக்குள் அகப்பட்டாலும் முஷ்டியைத் திறந்தால்தானே வாய்க்குப் போகும். திறந்தால் கீழே விழுந்துவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே பொரியின்மேல் ஆள்காட்டி விரல் தனியாக இறங்குகிறது. கட்டைவிரல் பக்கவாட்டில் வந்து சேர்கிறது, பிறகு நுனியோடு நுனி. வளையல் துண்டு, தலைமுடி, எறும்பு எதுவும் இனித் தப்பாது. பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டிய காலம் இது. நிலக்கடலைபோல மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய எதையும் தரையில் விட்டுவைக்கக் கூடாது.

இதே மாதங்களில் இன்னொன்றும் மாறுகிறது. ஐந்து மாதக் குழந்தை விளையாடும் கிலுகிலுப்பையை அதன் கண்முன்னே துண்டால் மூடிவிட்டால், அது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். எட்டு ஒன்பது மாதத்தில் துண்டைப் பிடித்து இழுத்துவிடும். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகள் மூவரிடமும் இதைக் கவனித்து எழுதினார். கண்ணில் படாதது எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், அம்மா அடுத்த அறைக்குப் போனால் அழுகை வருகிறது. பிடிவாதம் கூடிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அம்மாவை மனத்தில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

தவழ்வதும் நடப்பதும் தனிக் கதை. கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளர் சாய்வைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேடையில் குழந்தைகளை விட்டுப் பார்த்தார். புதிதாகத் தவழும் குழந்தை, செங்குத்தான சரிவிலும் யோசிக்காமல் இறங்கிவிடும். ஆய்வாளர்கள் தாவிப் பிடிக்க வேண்டியிருந்தது. சில வாரம் தவழ்ந்து பழகியதும் விளிம்பில் நின்று, கையால் தொட்டுப் பார்த்து, முடியாதென்றால் விலகிக்கொண்டது. ஆனால் அதே குழந்தை நடக்கத் தொடங்கியதும் அந்த எச்சரிக்கை காணாமல் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. உயரத்துக்குப் பயப்பட வேண்டும் என்ற பொதுப் பாடம் எதையும் அது கற்றிருக்கவில்லை. இந்த உடம்பால், இந்த நிலையில் எவ்வளவு முடியும் என்பதைத்தான் கற்றிருந்தது. தவழும்போது கட்டில் ஓரத்தில் கவனமாக இருந்த பிள்ளை, நடக்கத் தொடங்கியபின் படியிலிருந்து விழுவது இதனால்தான்.

விழுவதற்கும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து, 17 தடவை விழுந்தார்கள். இத்தனை பயிற்சி வேறு எதற்கு நாம் செய்கிறோம்? உட்காரவைத்து உருட்டிவிடும் சக்கர வாக்கர் இந்தப் பயிற்சியைத்தான் பறிக்கிறது. படிக்கட்டில் உருண்ட விபத்துகள் ஏராளமாக நடந்ததால் கனடா 2004-ல் அதை விற்கவே தடை விதித்தது. நம் மரத்து நடைவண்டி வேறு வகை. அதில் குழந்தை தன் எடையைத் தன் காலில் தாங்கியபடி தள்ளிக்கொண்டு போகிறது.

காது இன்னும் முன்னாலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிறந்த குழந்தைகள் அந்நியப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகச் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டதை 1980-ல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். நமக்கு நெருக்கமான ஆய்வு 1984-ல் கனடாவில் நடந்தது. இந்தியில் நம் 'த'வும் 'ட'வும் போன்ற இரு ஒலிகள் உண்டு. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு அந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டின் ஆறேழு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்தறிந்தார்கள். ஓராண்டு நெருங்கியபோது அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்தது. ஒரு வார்த்தையும் பேசத் தெரியாத பிள்ளையிடம் பாட்டி வாய் ஓயாமல் பேசுவது வீண்பேச்சாகத் தோன்றலாம். எந்த ஒலிகளை வைத்துக்கொள்வது என்பதை அந்தப் பேச்சிலிருந்துதான் அது எடுத்துக்கொள்கிறது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மாதக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், எட்டு மாதத்தில் ஆறு மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்பதை எதிர்பார்த்தால் போதும். மற்றபடி, மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலும், ஐந்தாம் மாதத்திலும் தலை நிற்காவிட்டாலும், ஒலிக்குத் திரும்பாவிட்டாலும், ஒன்பது மாதம் கடந்தும் தனியாக உட்காராவிட்டாலும், ஒன்றரை வயதிலும் நடக்காவிட்டாலும் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும்; அது இடக்கைப் பழக்கமாக இல்லாமல், மற்றக் கையின் பலவீனமாக இருக்கலாம். நேற்றுவரை செய்த ஒன்றைக் குழந்தை இன்று செய்ய முடியாமல் போனால், எந்த மாதமானாலும், காத்திருக்கக் கூடாது.