மெல்லும் சக்தி குறைந்தால் மளிகைப் பட்டியலும் மாறும்

மாதம் தவறாமல் நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் வாங்கிய பெரியவர், இப்போது ரவையும் ரஸ்க்கும் மட்டும் கேட்கிறார். "ஏன் ஐயா, சரக்கு சரியில்லையா?" என்று நாம் விசாரித்தால், "பல்லு ஒத்துக்கலை தம்பி" என்கிறார். பழி முழுவதும் பல்லின் மேல் விழுகிறது. தாடைத் தசைகளுக்கும் இதில் பங்குண்டு என்பதை வணிகர்களாகிய நாம் அறிந்துகொள்வது நல்லது.

மெல்லுவதற்கு முக்கியமாக நான்கு ஜோடித் தசைகள் உள்ளன. பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் விரல் வைத்தால், அவற்றில் இரண்டு ஜோடி புடைப்பதை உணரலாம். வயது ஏற ஏற, கை கால் தசைகளைப் போல இவையும் மெலிகின்றன. பல் இழந்தவர்களுக்கு மெலிவு அதிகம். வேலையில்லாத தசை வலுவிழக்கும் அல்லவா?

முழுப் பல் உள்ளவர்களும் வயதானால் ஒரு கவளத்தைக் கூடுதல் தடவை மெல்ல வேண்டியிருக்கிறது. 10 வயதுக்குச் சுமார் 3 தடவை கூடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆனால் கெட்டிப் பொருளுக்குத் தக்கபடி உழைப்பைக் கூட்டும் திறனைத் தசை இழந்துவிடுவதில்லை. முழுப் பல் செட் அணிந்தவர்கள் நிலை வேறு. அவர்களின் கடிக்கும் விசை, இயற்கைப் பல் உள்ளவர்களுடையதில் ஏறத்தாழ கால் பங்குதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது? கடலையையும் பயறையும் விட்டு ரஸ்க், பன் என்று இறங்கினால் புரதம் குறையும். புரதம் குறைந்தால் உடல் தசைகள் மேலும் தளரும். தாடைக்கும் வேலை குறையும்.

இங்கே நம்மால் உதவ முடியும். கடலையை நிறுத்தியவரிடம் பொட்டுக்கடலை மாவு, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, பாசிப்பருப்பு ஆகியவற்றை எடுத்துச் சொல்லலாம். கொண்டைக்கடலையை இரவு முழுதும் ஊறவைத்துக் குழைய வேகவைக்கச் சொல்லலாம். மெல்ல முடிந்தவர் மெல்லுவதை நிறுத்த வேண்டாம். பல் மருத்துவரையும் பார்க்கச் சொல்வோம். மெல்லும்போது தாடை வலித்து, பொட்டில் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாக்கு மென்றால் தாடைக்குப் பயிற்சி என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. பாக்கு வாயின் உட்புறத் திசுக்களை இறுக்கி, வாய் திறக்க முடியாமல் செய்யக்கூடியது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

கடைசியாக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லாவில் அமர்ந்தபடி, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டே மதியச் சோற்றை மெல்லாமல் விழுங்குகிறோம். வயது நமக்கும் ஏறுகிறது. பத்து நிமிடம் கல்லாவை வேறொருவர் பார்க்கட்டும். நாம் மென்று சாப்பிடுவோம்.