நான்கு சென்ட் முடிச்சு: ஒரு டார்ப்பான் ரீலின் கணக்கு

ஃப்ளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீஸ் தீவுகளில் டார்ப்பான் மீனுக்காக 12-ஆம் எண் ஃப்ளை ரீலை நிரப்புகிறவர் ஏறத்தாழ 260 மீட்டர் நூலைச் சுற்றுகிறார். அடியில் 250 கெஜம், அதாவது 229 மீட்டர் அடிநூல். கடைகளில் இதைப் பேக்கிங் என்பார்கள். அதன்மேல் 100 அடி ஃப்ளை லைன், 30 மீட்டருக்குச் சற்று அதிகம். நுனியில் 3 மீட்டருக்குள் லீடர் என்னும் மெல்லிய இணைப்புநூல். உருளையிலிருந்து மீனின் வாய் வரை சராசரியாக ஆறு முடிச்சுகள். அவற்றில் இரண்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு: அடிநூல் உருளையில் பிணையும் இடம், அடிநூல் ஃப்ளை லைனைப் பற்றும் இடம். மீன் ஓடத் தொடங்கும்வரை இரண்டும் கண்ணில் படாது. ஓடத் தொடங்கிவிட்டால் திருத்த நேரம் இருக்காது.

முதலில் வலுக் கணக்கு. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐஜிஎஃப்ஏ, ஃப்ளை தூண்டில் சாதனைகளுக்கு, லீடரின் வலுக் குறைந்த பகுதியான டிப்பெட்டில் ஏழு வகுப்புகளை வைத்திருக்கிறது: 2, 4, 6, 8, 12, 16, 20 பவுண்டு. 20-க்கு மேல் கிடையாது. ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஹோமோசாசா பகுதியில், 2001-இல் ஜிம் ஹாலண்ட் ஜூனியர் பிடித்த டார்ப்பான் 202 பவுண்டு 8 அவுன்ஸ், ஏறக்குறைய 92 கிலோ. அதை நிறுத்தியது 20 பவுண்டு டிப்பெட். மீனின் எடை, நூலின் வலுவைப்போல் பத்து மடங்கு.

ஆகவே வரிசையில் எது முதலில் அறுந்தாலும் அது டிப்பெட்டாகத்தான் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் முடிச்சைப் பற்றித் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். 30 பவுண்டு டாக்ரான் (பாலியெஸ்டர்) அடிநூலில் சுமாராகக் கட்டிய முடிச்சு, நூலின் வலுவில் 70 விழுக்காட்டை மட்டுமே மிச்சம் வைக்கிறது என்று கொள்வோம். 30-இல் 70 விழுக்காடு 21 பவுண்டு. டிப்பெட்டைவிட ஒரு பவுண்டு கூடுதல், மயிரிழையில் தேறுகிறது. அதே முடிச்சை 20 பவுண்டு டாக்ரானில் போட்டால் 14 தான். 16 பவுண்டு டிப்பெட்டுக்கே அடிநூல் தோற்றுவிடும். டிரவுட் மீனுக்கு 6 பவுண்டு அளவில் டிப்பெட் கட்டுகிறவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். 20 பவுண்டு அடிநூலில் பாதி வலு போனாலும் 10 மிஞ்சும். முடிச்சைத் தேடி அலையும் முன் நூலின் எண்ணைப் பாருங்கள். டார்ப்பானுக்கு 20 பவுண்டு டாக்ரான் தவறான நூல்; எந்த முடிச்சும் அதைச் சரிசெய்யாது.

வலு தேறிவிட்டால் அடுத்தது முடிச்சின் பருமன், என் கணக்கில் இதுவே பெரிது. ஒன்பதடிக் கோலில் பத்துப் பன்னிரண்டு வளையங்கள் இருக்கும். டார்ப்பான் ஒரே மூச்சில் 100 மீட்டர் ஓடும்போது, அடிநூலையும் ஃப்ளை லைனையும் இணைக்கும் முடிச்சு அத்தனை வளையங்களையும் தாண்டி வெளியே போகிறது. மீனை இழுத்துச் சேர்க்கையில் திரும்பி வருகிறது. படகைக் கண்டதும் மீன் மறுபடி ஓடுகிறது. முடிச்சும் கூடவே போகிறது. ஒரு வளையத்தில் அது மாட்டினால் அந்த நொடியில் ரீலின் பிரேக்குக்கு வேலையே இல்லை. மீனின் முழு வேகமும் டிப்பெட்டின்மேல் விழுகிறது, அல்லது வளையம் பிய்ந்து வருகிறது.

இதனால்தான் ஆல்பிரைட் முடிச்சு இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. கீஸ் தீவுகளில் இஸ்லமொராடாவின் புகழ்பெற்ற வழிகாட்டி ஜிம்மி ஆல்பிரைட்டின் பெயர் தாங்கியது அது. தடித்த ஃப்ளை லைனின் நுனியை மடித்து, அந்த மடிப்புக்குள் அடிநூலை நுழைத்து, 10 முதல் 12 சுற்றுச் சுற்றி, நுழைந்த வழியாகவே வெளியே எடுத்து இறுக்குவார்கள். சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படிந்தால் வளையத்தில் வழுக்கிப் போகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவதே நல்லது. நெயில் முடிச்சு இதைவிட ஒல்லியானது. ஐந்து முதல் ஏழு சுற்றுப் போதும். ஆனால் அது பிடித்திருப்பது ஃப்ளை லைனின் மேற்பூச்சை. பூச்சு உரிந்தால் முடிச்சும் உறைபோலக் கழன்று வந்துவிடும். டிரவுட்டுக்கு நெயில், டார்ப்பானுக்கு ஆல்பிரைட் என்று பிரிப்பேன்.

மூன்றாவது வழி கண்ணிக்குள் கண்ணி. அடிநூலின் நுனியில் 20 முறுக்குப் போட்டு பிமினி ட்விஸ்ட் கட்டினால் நூலின் வலு கிட்டத்தட்ட முழுவதும் மிஞ்சுகிறது. 30-க்கு 30 என்றே எழுதிக்கொள்ளலாம். ஃப்ளை லைன் சுருள் முழுவதும் நுழைந்து வெளிவரும் அளவுக்குக் கண்ணி பெரிதாக இருந்தால், லைன் மாற்றும்போது எதையும் வெட்ட வேண்டியதில்லை. இன்று பல ஃப்ளை லைன்கள் நுனியில் ஒட்டிய கண்ணியோடே வருகின்றன.

இனி, டாக்ரானுக்கு மாற்று அடிநூலான ஜெல்-ஸ்பன். டைனீமா வகைப் பாலியெத்திலீன் இழை இது. டாக்ரானின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு என்று கொண்டால், குறுக்குப் பரப்பு ஒன்பதில் நான்கு பங்கு. அதே உருளையில் இரண்டேகால் மடங்கு நீளம் கொள்ளும். 65 பவுண்டு ஜெல்-ஸ்பன்னில் முடிச்சு பாதி வலுவைத் தின்றாலும் 32 மிஞ்சும். இதன் சிக்கல் வழுக்கல். ஆர்பர் முடிச்சு என்பது உருளையைச் சுற்றிய ஒரு சுருக்கு. டாக்ரானில் ஒரு சுற்றே நன்றாகக் கவ்வும். ஜெல்-ஸ்பன்னிலோ 229 மீட்டரும் சேர்ந்து உருளையின்மேல் சும்மா சுழலும். அடியில் கொஞ்சம் டாக்ரான் சுற்றுங்கள், அல்லது நூலை உருளையில் இரண்டு முறை சுற்றிவிட்டுச் சுருக்குப் போடுங்கள். தளர்வாகச் சுற்றினால் மேல்நூல் கீழ்நூலுக்குள் புதைந்து சிக்கும். ஆகவே கையுறை போட்டு விறைப்பாகச் சுற்ற வேண்டும். வெறுங்கையில் ஓடினால் இந்த நூல் விரலை அறுக்கும், ஃப்ளை லைனின் பூச்சையும் அறுக்கும். கண்ணியை இரண்டு மூன்று முறை நுழைத்துப் பிணைத்தால் பளு ஓர் இடத்தில் குவியாது.

அடிநூலின் நீளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உருளை நிறைந்து 10 செ.மீ. விட்டமாக இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 31.4 செ.மீ. நூல் வரும், 100 மீட்டருக்கு 318 சுற்று. நூல் ஓடி விட்டம் 6 செ.மீ. ஆகிவிட்டால் அதே 100 மீட்டருக்கு 531 சுற்று. கூடவே பிரேக்கும் ஏறுகிறது: நிறைந்த உருளையில் 4 பவுண்டாக வைத்தது, 6 செ.மீ. விட்டத்தில் கைவைக்காமலே 6.7 பவுண்டாகிவிடும். தண்ணீரில் இழுபடும் 30 மீட்டர் ஃப்ளை லைனின் எதிர்ப்பு இதற்கு மேல். மீன் தொலைவில் இருக்கும்போது பிரேக்கைத் தளர்த்துங்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது இதற்காகத்தான்.

இனிச் செலவு. விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக ஃப்ளை லைன் 100 டாலர், 250 கெஜம் டாக்ரான் 30 டாலர், அதே நீள ஜெல்-ஸ்பன் 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாக்ரான் கெஜம் 12 சென்ட். ஆல்பிரைட்டுக்கு ஒரு அடி நூல் செலவானால் 4 சென்ட், ஜெல்-ஸ்பன்னில் 8. பிமினிக் கண்ணிக்கு இரண்டு கெஜம் போனாலும் 24 சென்ட்தான். மறுபக்கம் அந்த முடிச்சு விட்டால் போவது 100 டாலர் லைன். அதைவிடப் பெரிய இழப்பு மீனுக்கு: 30 மீட்டர் தடித்த லைனை வாயில் இழுத்துக்கொண்டு அது அலைய வேண்டும். ஃப்ளோரிடாவில் டார்ப்பானைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பதே சட்டம். சாதனை நோக்கத்துக்காக மீனை வைத்துக்கொள்ள மட்டும் சுமார் 50 டாலரில் அனுமதி டேக் வாங்கலாம், அதுவும் ஆண்டுக்கு ஒருவருக்கு ஒன்று. விடப்போகும் மீனுக்கு இப்படியொரு சுமையைக் கட்டி அனுப்புவதை ஏற்க முடியாது.

என் தீர்ப்பு இது. ஒரே லைனோடு மீன்பிடிப்பவருக்கு 30 பவுண்டு டாக்ரானும் ஆல்பிரைட்டும் போதும். லைனை அடிக்கடி மாற்றுகிறவர் பிமினிக் கண்ணியைக் கற்றுக்கொள்ளட்டும். ஜெல்-ஸ்பன், கூடுதல் நீளம் உண்மையில் தேவைப்படுகிறவருக்கு மட்டும். எதைக் கட்டினாலும், படகில் ஏறும் முன் முடிச்சை நனைத்து இறுக்கி, கையால் பலமாக இழுத்து, எல்லா வளையங்களிலும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.