பணம் போகும் வழி – 9: கடன் கொடுப்பவர் கொழுந்து பறிக்கிறார்

தோட்டத் தொழிலாளியைக் கடனாளியாகவே பார்த்து நமக்குப் பழகிவிட்டது. அதற்கு வரலாறும் உண்டு. ஆளின் கடனை ஒரு சீட்டில் எழுதி, அதைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே அவரை அனுப்பிய துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இன்று அடகு, சீட்டு, நுண்நிதி என்று பெயர்கள் மாறியிருக்கின்றன, பார்வை மாறவில்லை. ஆனால் பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் கொழுந்து பறிக்கிற பெண்ணின் கணக்கைத் திருப்பிப் பார்த்தால், அவர் இலங்கை அரசாங்கத்துக்கே கடன் கொடுப்பவர். சேமிப்பவரிடமிருந்து கடன் வாங்குபவரிடம் பணம் போய்ச் சேரும் வழியைப் பேசிவரும் இத்தொடரில், அந்த வழி ஒரு திசையில் மட்டும் திறந்திருப்பதைக் காண ஊவா மலைகளைப் பார்த்தால் போதும்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை உருவாக்கியது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கப்படுகிறது, தோட்ட நிர்வாகம் 12 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த கணக்கை வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் சம்பளம் 33,750 ரூபாய், நிதிக்குப் போவது 6,750 ரூபாய். (25 நாளும் வேலை கிடைக்கிறதா என்பது வேறு சண்டை.) கையிருப்பு என்று எதுவும் மிஞ்சாத குடும்பம்கூட இப்படி மாதாமாதம் சேமிக்கிறது. உறுப்பினர் பதிவைத் தொழில் திணைக்களம் பார்க்கிறது, பணத்தை மத்திய வங்கி முதலிடுகிறது. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் அரசாங்கப் பிணையங்களுக்கு, பெரும்பாலும் திறைசேரி முறிகளுக்குப் போகிறது. வட்டி என்ன, எத்தனை ஆண்டு, யாருக்குக் கடன் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் அந்தப் பெண்ணுக்குச் சொல் கிடையாது. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதாகும்வரை பொதுவாக அந்தப் பணத்தைக் கையில் எடுக்கவும் முடியாது.

இப்படிக் கடன் கொடுப்பதில் உள்ள ஆபத்து 2022இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். நிதி அவ்வாண்டுக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடாமல் ஓய்வுகாலச் சேமிப்பு நிதியங்களின் முறிகளை மாற்றச் சொன்னார்கள். புதிய முறிகளுக்குத் தொடக்கத்தில் 12 சதவீதம், பின்னர் 9 சதவீதம். மாற்ற மறுக்கும் நிதியத்தின் வருமானத்துக்கு வரி 14இலிருந்து 30 சதவீதமாக ஏறும் என்றார்கள். வங்கிகள் ஏற்கெனவே பெரும் வரி கட்டுகின்றன, அவை சரிந்தால் வைப்பாளர் அத்தனை பேரும் சரிவார்கள் என்பது அரசாங்கத்தின் வாதம். அது வெறும் சாக்கு அல்ல. ஆனால் அதன் உட்பொருளையும் சேர்த்தே படிக்க வேண்டும்: பயந்தால் பணத்தை எடுத்துக்கொண்டு போகக்கூடியவர் காப்பாற்றப்பட்டார், எடுக்க முடியாதவர் சுமந்தார்.

இதே பெண்ணுக்குக் கடன் தேவைப்படும்போது என்ன நடக்கிறது? சேமலாப நிதி மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் எடுக்கச் சட்டம் வழிவிடுகிறது. மீதியில் 75 சதவீதம் வரை வங்கி தரலாம், தவணை தவறினால் நிதியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். கடன் கொடுப்பவருக்கு இதைவிட உறுதியான பிணை ஏது? ஆனால் வீடோ காணியோ சட்டப்படி உரித்தாக இருப்பதற்கான பத்திரம் வேண்டும். லயத்து அறைக்கு உறுதி கிடையாது. 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் பேச்சாகி ஆண்டுகள் பல ஓடியும், பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் பத்திரம் இல்லாமலே இருக்கின்றன. ஆகவே தன் பெயரில் பல லட்சம் வைத்திருப்பவர், பிள்ளையின் படிப்புக்கோ கூரைத் தகரத்துக்கோ காதுத் தோட்டை அடகு வைக்கிறார், அல்லது வாரத் தவணைக் கடனுக்குக் கையெழுத்து வைக்கிறார். அரசாங்கத்துக்குக் கொடுக்கும் கடனுக்கு அவருக்குக் கிடைக்கும் வட்டிவீதம் ஒன்று, அவர் கடன் வாங்கும்போது கேட்கப்படும் வட்டிவீதம் அதை மிஞ்சியது.

ஓய்வுகாலப் பணத்தை இன்றைய கடனுக்குத் திறந்துவிட்டால் முதுமைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அரசாங்க முறிகளைவிட்டு அந்தப் பணத்தைக் கண்ட இடத்தில் போடச் சொல்பவர்களுக்கு எதிராக நானும் அதையே கேட்பேன். நான் சொல்வது வேறு. நிதி எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். மீதியில் ஒரு சிறு பங்குக்கு மட்டும், காணி உறுதி கேட்காமல், அந்த மீதியையே பிணையாக ஏற்று அரச வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கலாம். அதிக வட்டிக் கடன் தின்னும் பணமும் முதுமைக்கு வேண்டிய பணம்தானே. அரசாங்கத்துக்குக் கொடுத்த கடன் பாடசாலையாகவும் வீதியாகவும் மலைக்கே திரும்புகிறது என்ற பதிலும் உண்டு. பாடசாலையும் வீதியும் குடிமக்கள் எல்லோருக்கும் உரியவை, தேயிலையைத் தொடாதவருக்கும் அவை கிடைக்கின்றன. கடன் கொடுத்ததற்கான தனி ஈடாக அவற்றைக் கணக்கில் எழுத முடியாது.

இந்தத் திருத்தத்துக்கும் முன்னால் ஒன்று நடந்தாக வேண்டும். பிடித்த பணம் நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்களே ஆண்டுக்கணக்காகச் சேமலாப நிதியைக் கட்டாமல் விட்டது பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) கழிக்கப்பட்டு நிதியில் வரவு வைக்கப்படாத 8 சதவீதம், தொழிலாளி நிர்வாகத்துக்குத் தன்னை அறியாமலே கொடுத்த வட்டியில்லாக் கடன். கட்டியதற்கான விவரம் மாதந்தோறும் அவரவர் கைத்தொலைபேசிக்குத் தமிழில் வர வேண்டும். வராத மாதத்தில் தொழில் திணைக்களத்தின் பதுளை அலுவலகத்துக்குப் போக, கையில் ஒரு சான்றாவது இருக்கும்.

(தொடரும்)