ஐபாடுக்குப் புது பேட்டரி

1979இல் வந்த சோனி வாக்மேனில் மூடியைத் தள்ளினால் போதும், இரண்டு பென்சில் செல்களை மாற்றிவிடலாம். 2001 அக்டோபரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஐபாடில் அப்படி ஒரு மூடியே கிடையாது. பின்பக்கம் பளபளக்கும் எஃகுத் தகடு; வெளியே ஒரு திருகுகூடத் தெரியாது. 2003இல் நியூயார்க்கின் நைஸ்டாட் சகோதரர்கள் பேட்டரியை எளிதில் மாற்ற முடியாததைச் சாடி ஒரு குறும்படம் எடுத்தார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் 99 டாலருக்குப் பேட்டரி மாற்றித் தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. 2005இல் அமெரிக்க வழக்கொன்றில் பழைய ஐபாட் உரிமையாளர்களுக்கு இழப்பீடு தரவும் இசைந்தது.

பேட்டரி தேய்வதற்குக் காரணமான வேதியியல் என்னவோ பெரும்பாலான கையடக்கக் கருவிகளின் லித்தியம் அயன் செல்களுக்குப் பொதுவானதுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் ஆக்சைடு மின்முனையிலிருந்து கிளம்பி கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. பாட்டு ஓடும்போது திரும்பி வருகின்றன. முதல் சார்ஜிலேயே கிராஃபைட்டின்மேல் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடுகிறது. மின்பகுதிரவம் மேலும் சிதையாமல் அதுதான் காக்கிறது. ஆனால் அந்தப் படலம் ஆண்டுக்கு ஆண்டு தடிக்கிறது. தடிக்கத் தேவையான லித்தியத்தையும் செல்லிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 400 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி ஐபாட் பேட்டரி வடிவமைக்கப்பட்டது என்பது ஆப்பிள் சொன்ன கணக்கு. பயன்படுத்தாமல் வைத்தாலும் தேய்மானம் நிற்காது. வெயில் படும் இடத்தில் முழுச் சார்ஜோடு கிடக்கும் செல் வேகமாகக் கெடும். டிராயருக்குள் சார்ஜ் முழுக்க வற்றிக் கிடந்த செல்லில் வேறொரு ஆபத்து: உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கி, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

கொள்ளளவு குறைவதைவிடத் தொல்லை தருவது உள்மின்தடை கூடுவது. 2005இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதற்குள் ஒரு சிறிய ஹார்டு டிஸ்க் இருக்கிறது. டிஸ்க் ஓயாமல் சுற்றினால் சார்ஜ் தாங்காது என்பதால், பாடல்களை மொத்தமாக நினைவகத்துக்கு ஏற்றிவிட்டு அது உறங்கிவிடும். 30 ஜிபி மாடலில் அந்த நினைவகம் 32 எம்பி. நினைவகம் தீரும்போது டிஸ்க் மறுபடி விழித்துச் சுற்ற வேண்டும், அந்த நொடியில் மின்னோட்டம் சட்டென்று எகிறும். செல்லின் உள்மின்தடை அரை ஓம், மின்னோட்டம் அரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், கால் வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். ஏற்கெனவே 3.5 வோல்ட்டில் தள்ளாடும் செல்லுக்கு இது பெரிய அடி. திரையில் பாதிச் சார்ஜ் காட்டிக்கொண்டே கருவி அணைந்து, ஆப்பிள் சின்னத்தோடு மறுபடி எழும். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். சார்ஜரில் செருகியதும் ஒழுங்காகப் பாடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியை.

இந்த மாடலில் பேட்டரி மாற்றும் வேலையில் கடினமான பகுதி கூட்டைத் திறப்பது. முதலில் 'ஹோல்டு' பொத்தானைப் பூட்டு நிலைக்குத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கருவி விழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் முகப்பும் எஃகுத் தகடும் சேரும் கோட்டில் மெல்லிய பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்து, பக்கவாட்டில் உள்ள கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு நெம்பினால் எஃகு வளைந்துவிடும். வளைந்த விளிம்பு பிறகு ஒருபோதும் ஒழுங்காகப் பொருந்தாது. இரு பாதிகளையும் இரண்டு ரிப்பன் கேபிள்கள் இணைத்திருப்பதால் வெடுக்கென்று பிரிக்கக் கூடாது. பேட்டரியின் ஆரஞ்சு ரிப்பனைப் பிடித்திருப்பது நகக்கண் அளவுள்ள ஒரு பழுப்பு நிறத் தாழ்ப்பாள். அதை மெல்லத் தூக்கினால் ரிப்பன் தானே வழுக்கி வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் தாழ்ப்பாள் மின்சுற்றுப் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும்; அதன்பின் தேவைப்படுவது பேட்டரி அல்ல, பலகை. மற்ற ரிப்பனான ஹெட்போன் கேபிளைக் கழற்றாமலே வேலையை முடித்துவிடலாம்.

எஃகுத் தகட்டில் ஒட்டியிருக்கும் பேட்டரியைப் பிளாஸ்டிக் அட்டையால் சிறிது சிறிதாகக் கிளப்ப வேண்டும். கத்தி கூடாது, உறை கிழிந்து உள்தகடுகள் ஒன்றோடொன்று தொட்டால் புகையும் தீயும்தான். உப்பிய பேட்டரி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மின்பகுதிரவம் சிதைந்து உண்டான வாயு உள்ளே அடைந்திருக்கிறது. குத்தி அதை வெளியேற்ற நினைப்பதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை.

2007இல் வந்த ஐபாட் கிளாசிக்கில் முகப்பும் உலோகம், அதைத் திறப்பது இன்னும் சிரமம். முதல் நானோவில் பேட்டரிக் கம்பிகள் பலகையோடு சோல்டர் செய்யப்பட்டவை. அந்த நானோவின் பேட்டரி சூடேறும் அபாயம் இருப்பதாக ஆப்பிளே 2011இல் திரும்பப் பெற்றது.

புதுசு வாங்கும்போது லேபிளில் உள்ள கொள்ளளவை அப்படியே நம்ப வேண்டாம். இன்றைய நல்ல செல்லிலேயே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 150 முதல் 190 மில்லி ஆம்பியர் மணிதான் அடங்கும். நீளம், அகலம், தடிமனைப் பெருக்கிப் பார்த்தால் பொய்யின் சாயம் வெளுத்துவிடும். 30 ஜிபி மாடலின் மெல்லிய கூட்டில் 60 ஜிபி மாடலின் தடித்த பேட்டரி உட்காராது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு அடாப்டர் பொருத்தினால் இடம் மிச்சமாகும். அங்கே 2000 மில்லி ஆம்பியர் மணிக்கும் மேற்பட்ட செல்லை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பொட்டலத்தில் தயாரிப்புத் தேதி இருந்தால் பார்ப்பது நல்லது. பத்தாண்டு கிடங்கில் கிடந்த 'புது' பேட்டரி பாதிக் கிழம். மல்டிமீட்டரில் நல்ல புது செல் 3.7 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் திருப்பித் தந்துவிடலாம்.

பொருத்தியதும் ஒருமுறை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வற்ற விட்டு, மறுபடி ஏற்றினால் திரையின் அளவுகாட்டி சரிப்படும். அடிக்கடி வற்ற விடுவது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். பல மாதம் தொடாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைக்கலாம். கழற்றிய பேட்டரியின் மின்முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும்.