கொண்டித்தொழுவில் அடைக்கப்படும் கால்நடைகள்

விளைநிலத்தில் புகுந்த மாட்டை உழவர் பிடித்துக் கட்டுவதும், மாட்டுக்குரியவர் ஆட்களுடன் வந்து அவிழ்க்க முயல்வதும் கிராமங்களில் பழைய பூசல்கள். இவை கைகலப்பாக முற்றாதிருக்கும் பொருட்டே கொண்டித்தொழு ஏற்பட்டது. தமிழ்நாட்டில் இதனைப் பவுண்டு என்றும், வடநாட்டில் காஞ்சி ஹவுஸ் என்றும் வழங்குவர். இதற்கு அடிப்படையாக அமைந்தது 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். பிற்காலத்தில் பல மாநிலங்களும் நகராட்சிகளும் கட்டணங்களையும் விதிகளையும் தத்தமக்கு ஏற்ப மாற்றின. ஆதலால் ஊழியர்கள் தம் பகுதியின் விதிகளைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

யானை, ஒட்டகம் தொடங்கிப் பன்றி, ஆட்டுக்குட்டி வரை இச்சட்டத்தில் கால்நடை எனக் கொள்ளப்பட்டன. நாய் இதில் அடங்காது. தெரு நாய்களுக்கு 2023-ஆம் ஆண்டின் விதிகள் வேறாக உள்ளன.

தம் நிலத்தில் சேதம் விளைத்த கால்நடையை உழவர் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்திற்குள் தொழுவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. வீட்டில் கட்டிவைத்துப் பேரம் பேச இதில் இடமில்லை. 1871-இல் விதிக்கப்பட்ட அபராதம் யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, பசுவுக்கும் எருதுக்கும் 4 அணா, ஆட்டுக்கு 1 அணா. இவ்வபராதம் பயிர் இழந்தவருக்குத் தானே சேரும் எனப் பலர் கருதுகின்றனர்; அது தவறு. நட்ட ஈடு கோரி நீதிமன்றம் செல்லும் உரிமை அவருக்குத் தனியே உண்டு.

தொழுக்காவலர் எழுதும் பதிவேடே இம்முறையின் உயிர்நிலை. கால்நடைகளின் எண்ணிக்கை, அடையாளம், வந்த நாள், நேரம், பிடித்தவரின் பெயர், ஊர், தெரிந்தால் உரியவரின் பெயர் ஆகியவற்றை அவர் குறித்தல் வேண்டும். ஏழு நாட்களில் எவரும் வாராவிடில் காவல் நிலையத்துக்கு அறிவித்து, அறிவிப்பு ஒட்டி, பிடிபட்ட இடத்தை அடுத்த கிராமத்திலும் சந்தையிலும் தண்டோரா போட வேண்டும். மேலும் ஏழு நாட்கள் கழிந்தால் ஏலம். ஆகவே, “சிவப்புப் பசு ஒன்று” என்று மட்டும் எழுதிவைத்தால், ஐந்து மைல் தொலைவிலுள்ள ஏழைக் குடும்பம் தன் கறவையை அறியாமலே இழந்துவிடக்கூடும். கொம்பின் வளைவு, நெற்றிச் சுட்டி, வாலின் குஞ்சம், சூட்டுக்குறி, காது வெட்டு இவற்றை எழுதுக. பல்லையும் பார்க்க வேண்டும்: ஏறத்தாழ இரண்டு வயதில் முதல் இரு நிலைப்பற்கள் முளைக்கும். காதில் 12 இலக்க அடையாள வில்லை இருப்பின், அவ்வெண்ணைக் கொண்டு கால்நடை மருந்தகத்தின் வாயிலாக உரியவரைத் தேடலாம். வில்லை கழன்றிருந்தால் அதன் துளையையும் குறிக்கலாம்.

தீனியும் நீரும் அளிப்பது காவலரின் கடமை. அச்செலவை உரியவர் செலுத்துவார். இக்கடமை தவறினால் நேர்வதைப் பிரேம்சந்த் 1931-இல் எழுதிய ஹிந்திக் கதையொன்றில் காணலாம். அதில் இரு எருதுகள் காஞ்சி ஹவுஸில் பட்டினி கிடந்து, எலும்பும் தோலுமாக ஏலத்துக்கு வருகின்றன. வளர்ந்த பசுவுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 40 லிட்டருக்கு மேலும் நீர் தேவைப்படலாம். கறவைப் பசுவைக் கறக்காமல் விட்டால் மடி வீங்கிக் கெடும். கன்றைப் பிரித்து அடைப்பதும் தகாது.

நோய் பற்றியும் எச்சரிக்கை தேவை. கோமாரி தொற்றிய மாடு 14 நாட்கள் வரையிலும் குறி காட்டாதிருக்கலாம். அதாவது, ஏல நாள் வரை நலமாகத் தோன்றிய மாடு வாங்கியவரின் தொழுவத்தில் நோயைப் புகுத்திவிடக்கூடும். புதிதாக வந்ததைத் தனியே கட்டி, வேறு வாளியில் நீர் காட்டுதல் நன்று. இடமில்லாத தொழுக்களில் ஒரு மூங்கில் தடுப்பேனும் வேண்டும்.

ஏலத்தில் காவலரோ போலீஸ் அலுவலரோ நேராகவும் மறைமுகமாகவும் வாங்கலாகாது எனச் சட்டம் தடுத்தது. உரியவர் கட்டணம் செலுத்த மறுத்ததால் ஏலமிடும்போது, அபராதமும் செலவும் போக மிஞ்சும் தொகை அவருக்கே உரியது. அதற்குக் கணக்கும் தரவேண்டும். முறையின்றிப் பிடித்ததாகக் கருதுபவர் பத்து நாட்களுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடவும் வழி இருந்தது.

அறிவிப்பு ஒட்டிய செய்தியைப் பள்ளியில் ஆசிரியர் ஒருமுறை படித்துக் காட்டினால் பெரிதும் உதவும். ஊர் மாடுகளை மேய்க்கும் சிறுவரைப் போல் அடையாளம் அறிந்தவர் வேறு எவருமிலர்.