உங்களுக்குத் தெரியுமா? சென்னை அருங்காட்சியகங்களின் பூர்வீகம்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெட்டியைத் தாங்கி நிற்கும் கட்டடத்தையும் கொஞ்சம் விசாரியுங்கள். பலவும் முதலில் வேறு வேலை பார்த்தவை!

● விருந்து மண்டபம்: அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது எழும்பூரில் அல்ல, காலேஜ் ரோட்டில். 1854-இல்தான் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்குக் குடிவந்தது. அதற்கு முன்பு அங்கே வெள்ளைக்காரர்களின் விருந்தும் நடனமும் நாடகமும் அமர்க்களப்பட்டன. பாந்தியன் ரோடு என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

● எழும்பூரில் புலி: வண்டலூர் உயிரியல் பூங்காவின் பூர்வீகமும் இதே வளாகம்தான். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், 1855-இல் இங்கேயே உயிருள்ள விலங்குகளை வைத்துக் காட்டினார். கூட்டம் அலைமோதியது. விலங்குகள் 1863-இல் சென்ட்ரல் பக்கமிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின, 1985-இல் வண்டலூர்.

● மூன்று கை அர்த்தநாரி: எழும்பூரின் செப்புத் திருமேனிகளில் பல, மண்ணைத் தோண்டும்போது அகப்பட்டு, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி இங்கே வந்து சேர்ந்தவை. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைக் கிட்டே போய்ப் பாருங்கள். வலப்பக்கம் ஈசனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் அம்மைக்கு ஒரே கை. வலத் தொடையில் ஆடை குட்டையாக நிற்க, இடக்காலில் நீண்டு இறங்குகிறது. அம்மை பக்கம் மட்டும் இடுப்பு ஒசிந்திருக்கிறது. ஆனாலும் எங்கே ஒட்டியது என்று சொல்ல முடியாது!

● படம் பார்த்தே மயங்கியவர்: பக்கத்திலுள்ள திருவாலங்காட்டு நடராஜரைப் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களைப் பார்த்தே அவர் எழுதிய வியப்புரை, அவர் மறைந்தபின் 1921-இல் அச்சானது.

● சிலைக்கும் வைத்தியம்: மண்ணிலிருந்த உப்பு செம்பில் ஊறியிருந்தால், ஈரக் காற்று பட்டதும் வெளிர்பச்சைத் தூளாகப் பூத்துச் சிலையையே அரித்துவிடும். சென்னையின் கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். இதற்கென்றே 1930-இல் எழும்பூரில் வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது.

● மொட்டை மாடியில் கலங்கரை விளக்கம்: புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், 1790-களில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய கட்டடம். சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796 முதல் இதன் மாடியில்தான் எரிந்தது. தேங்காய் எண்ணெய் விளக்குகள்! 1844-இல் அந்த வேலை, இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள கல்தூணுக்கு மாறியது. பிறகு நீதிமன்றக் கோபுர உச்சி, 1977-இல் மெரினா. உள்ளே, 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் பறந்த மூவர்ணக் கொடியைக் காணத் தவறாதீர்கள்.

● அமெரிக்க ஐஸ்: கடற்கரைச் சாலை விவேகானந்தர் இல்லம், 1842-இல் கட்டிய ஐஸ் கிடங்கு. அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூள் பொதிந்து, கப்பலேற்றி இங்கே இறக்கினார்கள். இயந்திர ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் பிலிகிரி அய்யங்கார் என்ற வழக்கறிஞர் கைக்கு வந்தபின், 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் இங்கே தங்கினார். அடுத்து, சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகள் விடுதி. சென்னைவாசிகளுக்கு அந்த வட்டாரம் இன்னமும் 'ஐஸ் ஹவுஸ்'தான்.

● ஊர் விட்டு ஊர் வந்த வீடுகள்: முட்டுக்காடு தக்ஷிணசித்ரா 1996-இல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு எனப் பழைய வீடுகளைத் தூண், கதவு, உத்தரம் என்று பிரித்தெடுத்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். வளாக வடிவமைப்பில் லாரி பேக்கரின் கைவண்ணம் உண்டு.

● துணி விற்று வாங்கிய நிலம்: ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல் ஓவியர் கிராமம், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவானது. யாரும் தானமாகத் தந்த இடமல்ல. ஓவியர்களே பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் வாங்கியது.

● கிளம்புமுன்: எழும்பூருக்கும் கோட்டைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய். வெள்ளியன்று வந்திறங்கினால், வண்டியை முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் திருப்புங்கள்.